அன்ரி கைவிட்ட சால்மன்

என் வாயிலிருந்து புறப்பட்டு எனக்கே அதிக சேதம் செய்த சொல் ‘தெரியும்’. தெரியாத விடயங்களில்தான் அதை மிகவும் அழுத்திச் சொல்வேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒக்லண்டின் மங்கரேயில் விமானச் சரக்குகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த எனக்கு, பாபகூராவில் இருந்த ரோசலின்மேல் காதல். கல்யாணத்துக்கு அவளுடைய அம்மா, அதாவது அன்ரி, சம்மதிக்க வேண்டும். (அவளுடைய அப்பா, அங்கிளும் அந்த வீட்டில் இருந்தார். வாக்குரிமை இல்லை.) அன்ரி மன்னார்க்காரி, ஆஸ்பத்திரித் தாதி. வருடம் ஒருமுறை லீவு போட்டு, தென்தீவின் ஆறுகளுக்குச் சால்மன் பிடிக்கப் போவார்.

“அம்மாவோட ஒருக்காப் போயிட்டு வாரும். ஆத்தங்கரையிலதான் அவ ஆளை எடை போடுறவ,” என்றாள் ரோசலின். “மீன் பிடிக்கத் தெரியுமோ?”

“தெரியும்,” என்றேன். (யாழ்ப்பாணத்தில் நான் பிடித்த மீனெல்லாம் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பிடித்தவை.)

அன்ரி, அங்கிள், நான் மூவரும் போனோம். மலையில் மழை. இரண்டு நாட்களாக ஆறு பால் தேத்தண்ணீர் நிறத்தில் ஓடியது. மூன்றாம் நாள் காலை அன்ரி தூண்டில் தடியின் நுனியை ஒரு முழம் அமிழ்த்திப் பார்த்தார். நுனி மங்கலாகத் தெரிந்தது.

“தெளியத் தொடங்குது. இதுதான் நேரம்,” என்றார். “தெளிஞ்ச தண்ணியெண்டா மீனை ஏமாத்தத் தூண்டில்ல சின்ன வெள்ளித் தகடு போதும். இப்பிடி மங்கலா இருக்கேக்க பெரிய செம்மஞ்சள் தகடு கட்டினாத்தான் மீனின்ர கண்ணில படும். இன்னொண்டு, கலங்கல் தண்ணியில மீன் இழுவை குறைஞ்ச கரையோரமாத்தான் ஏறும். தண்ணிக்குள்ள மட்டும் கால் வைக்காதையும், தம்பி. விளங்குதோ?”

“தெரியும் அன்ரி.”

கொஞ்ச நேரத்தில் அன்ரியின் தடி வில்லாய் வளைந்தது. தூண்டில் நரம்பு கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியது. என் கால் அளவுக்கு ஒரு வெள்ளி உடம்பு துள்ளி விழுந்ததைக் கண்டதும், ஓடிப்போய்த் தூக்கி அன்ரியின் காலடியில் போட்டால் ரோசலின் எனக்குத்தான் என்று கணக்குப் போட்டேன். எங்கள் ஊர்க் கடலோரக் களப்பில் எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. ஆறும் அப்படித்தானே?

ஆற்றில் இறங்கிய இரண்டாவது எட்டில் காலடிக் கல் உருண்டது. பனி உருகின தண்ணீர் மூச்சை அடைத்தது. “அன்ரீ!”

அன்ரி மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மீனைப் பார்த்தார். (மீன்மேல் போன அந்த இரண்டாவது பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.) பிறகு தடியை வீசிவிட்டு என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தார். சால்மன் தடியையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அன்ரி மிச்சத் தூண்டில் சாமான்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். விமானத்தில், என்னுடையது நனைந்ததால் போட்டிருந்த அங்கிளின் பெரிய காற்சட்டை நழுவாமல் ஒரு கையால் பிடித்தபடி, ரோசலின் இனி இல்லை என்று நினைத்து யன்னல் பக்கம் திரும்பி அழுதேன். உண்மையாகவே அழுதேன்.

ஒக்லண்ட் விமான நிலையத்தில் ரோசலின் ஓடி வந்தாள். “மீன் எங்கேம்மா?”

“பெரிசா ஒண்டு கொழுவினது. அதை விட்டிட்டு இதைத்தான் பிடிச்சன்,” என்று அன்ரி என்னைக் காட்டினார். “பழுதாகிறதுக்கு முன்னம் கலியாணத்தை வைச்சு முடிப்பம்.”

அங்கிள்தான் முதலில் சிரித்தார்.

அந்த மீன் எங்கள் வீட்டில் இன்றும் வளர்கிறது. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கதை சொல்லச் சொல்ல ஒரு சாணாவது நீளும். எனக்கும் ரோசலினுக்கும் சண்டை வந்தால், “அம்மா அந்த மீனையே பிடிச்சிருக்கலாம்” என்பாள். போன நத்தாருக்கு என் மகள் அன்ரியிடமே கேட்டுவிட்டாள்: “அம்மம்மா, சோ யூ ரிக்ரெட் இட்? மீனை விட்டது கவலையோ?”

அன்ரிக்கு இப்போது முழங்கால் முடியாது. வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப்போவேன். ஒரு வாய் கேக்கை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்:

“கவலைதான், பிள்ளை. எண்டாலும் அந்த மீனுக்குக் கார் ஓடத் தெரியாதே.”