கப்பலுக்காகக் காத்திருந்த கல்யாணம்

புவேர்த்தோ கார்சா,
என்ட்ரே ரியோஸ் மாகாணம்.

பாசமும் மரியாதையும் மிகுந்த தெல்மிரா அக்காவுக்கு, தம்பி எவரிஸ்தோ எழுதுவது. இங்கே பரனா ஆறு நலம். மற்றவர்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பயணமே கூடாது என்று டாக்டர் சொன்னதால் நோயேலியாவின் கல்யாணத்துக்கு வர முடியவில்லையே என்று நீ வருந்த வேண்டாம். கல்யாணம் நடக்கவில்லை.

ஏன் என்று சொல்லச் சரித்திரத்திலிருந்து தொடங்க வேண்டும். முகத்தைச் சுளிக்காதே. பரனா ஆற்றுக்கு இந்தக் கரையில் நாம், அந்தக் கரையில் சான்டா ஃபே மாகாணம். நாம் ஒரு காலத்தில் தனிக் குடியரசாகவே இருந்தவர்கள். அது ஒரு வருஷம்தான் தாங்கியது என்பதைச் சம்பந்தி பெலிசாரியோ சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் சொல்வார். இரண்டு மாகாணமும் சேர்ந்து செய்த உருப்படியான காரியம் ஆற்றுக்கு அடியில் தோண்டிய சுரங்கப்பாதை ஒன்றுதான். அதுவும் பாலம் கட்ட நாட்டின் தலைநகரம் விடாது என்ற கோபத்தில். தலைநகரத்தைத் திட்டுவதென்றால் மட்டும் நாங்கள் இரு கரைக்காரர்களும் அண்ணன் தம்பி. (நீ அங்கே குடியேறியதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.)

என் பெண்ணின் கல்யாணம் என்ட்ரே ரியோஸ் பதிவேட்டில்தான் ஏறவேண்டும் என்றேன் நான். தன் மகன் கஸ்தோனின் கல்யாணம் சான்டா ஃபேயில்தான் பதிவாக வேண்டும் என்றார் அவர். பையன் தலைநகரில் வேலை பார்க்கிறான், அவனை யார் கேட்டார்கள்? கடைசியில் ஆறே வழிகாட்டியது. போன வெள்ளத்தில் நட்டாற்றில் ஒரு மணல்தீவு முளைத்திருக்கிறது. பொது இடம், அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று கைகுலுக்கினோம். குலுக்கிய கை காய்வதற்குள் நான் நம் ஊர்ப் பதிவாளர் லியோகாதியா அம்மாவை ரகசியமாக வரச் சொல்லிவிட்டேன். பெலிசாரியோ அந்த மாதிரி ஆள் இல்லை என்று நம்பினேன். அவரும் தன் ஊர்ப் பதிவாளரைப் படகில் ஏற்றி வந்து இறங்கினார்.

"என்ன சம்பந்தி, எங்க தீவுக்கு வந்திருக்கீங்க, முதல்ல உக்காருங்க" என்றார்.

"உங்க தீவா? வெள்ளம் வந்தா உங்க மாடெல்லாம் கூரை மேல நிக்கும். உங்களுக்குத் தீவு ஒண்ணுதான் கேடா?"

"குன்று மேல வீட்டைக் கட்டிக்கிட்டா கண்ணுக்குப் பட்டதெல்லாம் உங்களுதாயிடுமா?"

லியோகாதியா அம்மா நடுவில் புகுந்தாள். "கப்பல் போற ஆழமான வாய்க்கால்தான் எல்லை. அது தீவுக்கு எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியாம நான் பேனாவைத் தொட மாட்டேன்."

"நானும்தான்" என்றார் அந்த ஊர்ப் பதிவாளர்.

ஆகவே தானியக் கப்பல் ஒன்று வரும்வரை காத்திருந்தோம். மாத்தே பானம் கைமாறிக் கைமாறிச் சுற்றியது, சுட்ட மாட்டிறைச்சி தீர்ந்தது, மீனும் தீர்ந்தது. என் மனைவி சுலேமா, "பொண்ணு கல்யாணத்துலயாவது அந்த வாயை மூடி வச்சிருக்கக் கூடாதா?" என்று விசிறியால் என் தலையில் தட்டினாள். மணப்பெண்ணோ, "அப்பா, கேக்கை வெட்டிடலாமா? கஸ்தோனுக்குப் பசிக்குதாம்" என்றாள். இந்த நிதானம் நம் குடும்பத்தில் வேறு யாருக்கு உண்டு!

கப்பல் வந்தது. அது அந்தக் கரைப் பக்கம் போனால் தீவு நம்முடையது. ஆகவே நான் மேஜைத்துணியை உருவி, "அந்தப் பக்கம் போ!" என்று வீசினேன். பெலிசாரியோ தன் கோட்டைக் கழற்றி, "இந்தப் பக்கம் வராதடா, அவங்க பக்கம் போ!" என்று வீசினார். கப்பல்காரனுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து என்று பட்டிருக்க வேண்டும். நேராக வந்து தீவின் மூக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அலையில் கேக் போயிற்று.

"முதல்ல கப்பலை இழுக்கட்டும். ஆறு ஒரு முடிவுக்கு வரட்டும். அப்புறம் கூப்பிடுங்க" என்று பதிவாளர்கள் இருவரும் ஒரே படகில் ஏறிப் போனார்கள். சிரித்துக்கொண்டே போனார்கள் என்று சுலேமா சொல்கிறாள். அதை இன்னொரு கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஆகவே அக்கா, ஆறு தேதி சொன்னதும் எழுதுகிறேன். நோயேலியா கல்யாணச் செருப்பு வாங்க உன்னிடம் வந்துவிட்டு, பிடித்தது கிடைக்கவில்லை என்று வெறுங்கையோடு திரும்பினாளே, அதை நீயே வாங்கி வந்துவிடு. மாதா உன் முழங்காலையும் என் நாக்கையும் காப்பாற்றட்டும்.

உன் அன்புத் தம்பி,
எவரிஸ்தோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நோயேலியா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "ஏம்ப்பா அத்தைக்குப் போய் இதெல்லாம் எழுதுறீங்க? செருப்பு வாங்கப் போனப்பவே எங்களுக்கு அங்க பதிவுக் கல்யாணம் ஆயாச்சு. சாட்சிக் கையெழுத்தே அத்தைதான். நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு ஆசையா சண்டை போட்டீங்க, கெடுப்பானேன்னு விட்டுட்டோம்" என்கிறாள். பெலிசாரியோவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும், "தலைநகரம் மறுபடியும் நம்மளைக் கவுத்துடுச்சே சம்பந்தி" என்று விம்மினார். மேலே உன்னை மன்னித்துவிட்டதாக ஒரு வரி இருக்கும். அதை அடித்துவிட்டுப் படி. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பதிவு அலுவலகப் படிகளில் எல்லாருக்கும் முன்னால் ஏறி ஓடியது நீதானாமே. முழங்கால் எப்படி இருக்கிறது, அக்கா?