செங்கல் பிரிட்ஜ்

தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை ராமசுப்பு அன்றைக்கு வாயை அடக்கியிருந்தால், இன்றைக்கு அவருக்குத் தோள்வலி இருந்திருக்காது.

மாமனார் நாகலாபுரம் தோட்டத்தில் பறித்த கத்தரிக்காய், வெண்டைக்காயையெல்லாம் சாக்கில் கட்டி கோவில்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவார். பாதி குழம்புக்கு. மீதி வதங்கிக் குப்பைக்கு. சாக்கு வரும்போதெல்லாம் மனைவி சீனித்தாயும் ஆரம்பித்துவிடுவாள்.

"ஒரு பிரிட்ஜ் வாங்குனா என்ன?"

"ஓடையிலயே தண்ணியக் காணோம். பிரிட்ஜ் எதுக்குட்டி?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். வேறு யாரும் சிரித்ததில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷக் கோடையில் ஒரு விவசாயக் கண்காட்சிக்குப் போனார். செங்கல்லால் பெட்டிபோல இரட்டைச் சுவர், நடுவே மணல், மணலில் காலையும் மாலையும் தண்ணீர். உள்ளே வைத்த காய் வாடாது என்றார்கள். வந்ததும் கொல்லையில் கட்டிவிட்டார். ஈரச் சாக்கால் மூடினார். ஒரு வாரம் கழித்து எடுத்த வெண்டைக்காய் டக்கென்று ஒடிந்தது.

"பாத்தியா? கரண்டு வேண்டாம். இனிமே பிரிட்ஜ் பேச்சே வரக்கூடாது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் சீனித்தாய்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லாத வார்த்தை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் பக்கத்து வீட்டு நேசம்மாள் கூடையோடு வந்தாள்.

"அண்ணாச்சி, ஊட்டியவே கொல்லையில கட்டி வச்சிருக்கீங்களாமே! சீனித்தாய் மைனிதான் சொன்னாவ. இந்த முருங்கைக்காய இங்கன வச்சுக்கிடட்டா?"

ராமசுப்புவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "தாராளமா வைம்மா!"

தாராளம் தெருவெல்லாம் பரவியது. ஒரு பெட்டி போதாமல் இரண்டு கட்டினார். மணலோ ஊற்ற ஊற்றக் குடித்தது. தெருக்குழாயில் காற்றுதான் வந்தது. சைக்கிளில் குடங்களைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே அடிபம்புக்கு அலைந்தார்.

"நீயும் கொஞ்சம் ஊத்தேன்."

"அளவு தப்பிட்டா? படிச்சுட்டு வந்தவிய நீங்கதான்."

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போனது. "அண்ணாச்சி, என் பீர்க்கங்காய் வாடுது" என்று தெருவில் பெண்கள் அதட்டினார்கள். பம்படியில் வரிசையில் நின்றபோது அவருக்கு மனசு கனத்தது. இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். கேட்டபோதே வாங்கியிருக்கலாம். சிரிப்பு வராத ஒரு ஜோக்குக்காக மறுத்துக்கொண்டே இருந்துவிட்டோமே.

அந்த மாதமே தவணையில் பிரிட்ஜ் வந்து இறங்கியது. சீனித்தாய் அதன் கதவைத் திறந்து திறந்து மூடினாள். ராமசுப்பு பாயை விரித்துக் கைகாலை நீட்டினார். விட்டது பீடை!

சாயங்காலம் அவள் வந்து எழுப்பினாள்.

"இன்னும் பெட்டிக்குத் தண்ணி ஊத்தலியே?"

"அதான் பிரிட்ஜ் இருக்குல்லா?"

"பாலுக்கும் மாவுக்கும்தான் அது. கத்தரிக்காயும் வெண்டைக்காயும் அந்தக் குளிர் தாங்காதாம், புள்ளி விழுந்துருமாம். கடைக்காரரே சொன்னாரு. காய்க்கு நீங்க கட்டுனதுதான் லாயக்கு."

அவர் சைக்கிளை எடுத்தார். பின்னாலேயே வந்தவள் இன்னொரு குடத்தையும் நீட்டினாள்.

"இதுலயும் பிடிச்சிட்டு வாங்க. பிரிட்ஜுக்குள்ள வைக்கவும் தண்ணி வேணும்லா?"