சொபாக் கடையில் நான் கையலம்பிய மத்தியானம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. இலங்கையில், மன்னாரில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் விண்ணப்பப் படிவங்கள்தான். அவற்றிலும் பாதியை என் மகள்தான் நிரப்பினாள். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைக் கேட்டாலே பின்வரிசைக்குப் போய்விடுவேன்.

அப்படிப்பட்டவன் ஏன் எழுத வந்தான் என்றால், என் மானம் போன கதையை என்னைத் தவிர மற்ற எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். போன மாதம் ஒரு பிள்ளையின் முதல் நன்மை (முதல் நற்கருணை) விருந்தில் என் மச்சான் அதைச் சொல்லும்போது, நான் அந்தத் தண்ணீரில் வாயும் கொப்பளித்தேன் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டான். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அது சுத்தப் பொய். நான் கை மட்டும்தான் அலம்பினேன். (அதற்குப் பிறகு செய்தது வேறு விஷயம். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.)

கனடாவில் பத்தொன்பது வருடம் ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்றேன். சன்னல் சட்டங்களுக்கு ரப்பர் பட்டி ஒட்டும் இயந்திரம். அது என்னோடு பேசாது. நானும் அதனோடு பேசத் தேவையில்லை. என் குணத்துக்கு அதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் இருந்திருக்காது. ஒரு நாள் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். என் மனைவி ஜெனி விடிய ஐந்து மணிக்கே பிறம்ரனில் இருக்கும் பண்டகசாலைக்குப் புறப்பட்டுவிடுவாள். நான் சன்னலில் நின்று கை காட்டுவேன். (அப்படியே சன்னலின் ரப்பர் பட்டி ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பேன். பழக்கம்.) ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் யாராவது "எப்பிடி அண்ணை, வேலையெல்லாம்?" என்று கேட்டால் "ஓம், போகுது" என்பேன். காரில் ஏறிய பிறகு ஜெனி ரேடியோவைப் போட்டுவிடுவாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருக்கும். வீட்டில் ஒரு தேவையும் இல்லாமல் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் சாமான் நான் ஒருவன்தான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் முதலில் சொன்ன அந்த மச்சான், ஜெனியின் தம்பி அன்ரன், வந்தான். நகரத்துக்குள் ஒரு சின்ன யப்பான் சாப்பாட்டுக் கடையில் பன்னிரண்டு வருடமாகப் பொரியல் போடுகிறவன். அந்தக் கடையில் முக்கியமான சாப்பாடு சொபா. (குந்தி இருக்கிற சோபா இல்லை. அது ஒருவகைக் கறுத்த மாவில் செய்த நூடில்ஸ்.) குசினியில் உதவிக்கு நின்றவர் வேலையை விடுகிறாராம்.

"அத்தான், உங்கட வேலை சட்டி கழுவுறது, நூடில்ஸ் அவிக்கிறது, அவ்வளவுதான். வாயே திறக்கத் தேவையில்லை" என்றான்.

"இன்ரவியூ இருக்கோ?"

"இல்லை. ஆனா முதலாளி மனுசி ஒரு சட்டம் வைச்சிருக்கு. குசினிக்குள்ள கால் வைக்க முதல் ஆரெண்டாலும் ஒருக்கா வெளியில மேசையில இருந்து சாப்பிடவேணும். சாப்பாட்டைத் தெரியாதவன் சட்டியைத் தொடக்கூடாதாம்."

"அப்ப சாப்பிட்டா வேலையோ?"

"சாப்பிட்டா வேலை! உதைவிட லேசான இன்ரவியூ இந்த ரொறன்ரோவில ஆருக்கும் கிடைக்காது. எங்கட அத்தான் தங்கமான மனிசன் எண்டு நான் சொல்லிப்போட்டன். என்ர முகத்தில கரி பூசிப்போடாதேங்கோ."

போகிற அன்று ஜெனி என் சேட்டை அயன் பண்ணி, அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் கொளுத்திவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். "இஞ்சேருங்கோ, வடிவாச் சாப்பிடுங்கோ. ஆனா காணாததைக் கண்ட மாதிரிச் சாப்பிடாதேங்கோ" என்றாள். மகள் ஷெரின் இங்கே பிறந்தவள். அவளுடைய அறிவுரை வேறு.

"அப்பா, ஜஸ்ட் ரிலாக்ஸ். பச்சையா ஒரு பேஸ்ற் வைப்பினம். அதை மட்டும் அள்ளிச் சாப்பிட்டிடாதேங்கோ. நோஸ் எல்லாம் எரியும், யூ வில் க்ரை."

ஆகவே நான் பச்சைச் சாமானை மட்டுமே எதிரியாக நினைத்துக்கொண்டு, காலையில் ஒன்றும் சாப்பிடாமல், பஸ் ஏறி, சப்வே மாறி, மத்தியானம் இரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஒரு சலவைக் கடைக்கும் சப்பாத்துத் தைக்கும் கடைக்கும் நடுவில் இருந்தது சொபாக் கடை. வாசலில் பாதிக் கதவுக்கு ஒரு நீலத் துணி தொங்கியது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஐந்தாறு மேசை. அக்கம்பக்கத்து ஆட்கள்தான் வருவார்கள் போல. எல்லோரும் நூடில்ஸை "உர்ர்ர்" என்று உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் சொதியை அப்படி உறிஞ்சினால் அகப்பைக்காம்பு முதுகில் விழும். நான் நாகரிகமாகச் சத்தமில்லாமல் சாப்பிட்டுக் காட்டுவேன் என்று முடிவு செய்துகொண்டேன். (அங்கே உறிஞ்சாமல் சாப்பிட்டால் சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைப்பார்களாம். பிறகுதான் அன்ரன் சொன்னான். இப்படி அவன் பிறகு சொன்னவற்றை முதலே சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.)

முதலாளி ஒரு மெலிந்த அம்மா. எழுபது வயதிருக்கும். தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். என்னை ஒரு மூலை மேசையில் இருத்தி, கை துடைக்கச் சூடான ஒரு ஈரத் துணியைத் தந்து, பசிக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வயிறு கூப்பாடு போட்டது. ஆனால் முதல் தரம் கேட்டவுடன் "ஓம்" என்று சொல்லும் மனிதனை எங்கள் ஊரில் யார் மதிப்பார்கள்? நான் வழக்கப்படி, "நோ, நோ. நவ் ஒன்லி ஈட்" என்றேன். எங்கள் ஆட்கள் என்றால் "சும்மா இருங்கோ, கொஞ்சமாவது சாப்பிடலாம்" என்று கோப்பையை முன்னுக்குத் தள்ளுவார்கள். அதற்கும் ஒரு தரம் மறுத்துவிட்டு, மூன்றாம் தரம் கேட்கும்போது வேண்டாவெறுப்பாகச் சாப்பிட ஆரம்பிப்பதுதானே முறை?

அந்த அம்மா "ஓகே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இருபது நிமிடம் வெறும் மேசைக்கு முன்னால் இருந்தேன். குசினிச் சுவரில் இருந்த சின்னத் திறப்பால் அன்ரனின் முகம் தெரிந்தது. கண்ணாலேயே "என்ன?" என்று கேட்டான். நானும் கண்ணாலேயே "ஒன்றுமில்லை" என்றேன். பிறகு அவன் உள்ளே என்னவோ சொல்லியிருக்க வேண்டும். சாப்பாடு வந்தது.

ஒரு பெட்டியின் மேல் மூங்கில் தட்டி. அதன் மேல் குளிர்ந்த நூடில்ஸ். பார்த்தவுடன் மனம் ஆறியது. அவிழ்த்துவிட்ட குரக்கன் (கேழ்வரகு) இடியப்பம் மாதிரியே இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கறுப்பாக ஒரு சாறு, ஒரு சின்னத் தட்டில் கொஞ்சம் வெங்காயத்தாள், பிறகு அந்தப் பச்சைச் சாமான். அதை, சாப்பிடத் தந்த இரண்டு குச்சிகளில் ஒன்றால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன். வெற்றி! பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்டேன், இனி வேலை எனக்குத்தான் என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் புத்தி இப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டுச் சன்னலைத் திறந்துவிடுவேன்.

குச்சிகளால் தூக்கினேன். நூடில்ஸ் பாதி வழிவரை வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஆறு தரம் முயன்றேன். வாய்க்குக் கிடைத்தது ஒரு நூல்.

சரி, இடியப்பம் காய்ந்து கிடந்தால் யார்தான் சாப்பிட முடியும், சொதி விட வேண்டாமா? கிண்ணத்துச் சாற்றில் பாதியை நூடில்ஸின் மேல் ஊற்றினேன். மூங்கில் தட்டிக்கு நூற்றுக்கணக்கில் ஓட்டை இருக்கிறது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. சாறு தட்டி வழியாகப் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து நான் போட்டிருந்த களுசானுக்கும் இறங்கியது. கை துடைக்கத் தந்த துணியால் மேசையைத் துடைத்தேன். வெள்ளைத் துணி இயந்திர எண்ணெய் துடைத்த துணி மாதிரி ஆனது. அதை மடித்து மடியில் ஒளித்தேன்.

சுற்றிப் பார்த்தேன். அடுத்த மேசையில் ஒரு கிழவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. சிலுவை அடையாளம் போட்டுவிட்டுக் கையை வைத்தேன்.

நல்ல ருசி! பொய் சொல்லவில்லை. ஐந்து விரலும் சேர்ந்து ஒரு கவளத்தை வாய்க்குள் கொண்டுபோய் வைத்ததும், எட்டு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு தைரியம் வந்தது. அன்ரனோடு பஸ்ஸில் வேலைக்குப் போவதையும், கோயிலில் கேட்கிறவர்களுக்குப் பொய் இல்லாமல் பதில் சொல்வதையும் நினைத்தபடி தட்டியை வழித்துத் துடைத்தேன். தலையை நிமிர்த்தினால் அந்த அம்மா பக்கத்தில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அவர் கையில், தேநீர்க் கேத்தல் மாதிரி மூக்கு வைத்த ஒரு சிவப்புப் பாத்திரம் இருந்தது. அதிலிருந்து ஆவி வந்தது.

அவர் என் விரல்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஐந்தும் சாற்றில் ஊறிப்போய் இருந்தன. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையால் சாப்பிட்டதைக் கண்டிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லாமல் கையலம்பத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்! எங்கள் பக்கத்தில் மரியாதையான விருந்தாளியை எழும்பிப் போய்க் கழுவ விடமாட்டோம். இருந்த இடத்துக்கே செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கையில் ஊற்றுவோம். கனடாவுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் எட்டுப் பேரோடு ஒரு அறையில் படுத்த நாளிலிருந்து இன்றுவரை எனக்கு அப்படி ஒருவரும் செய்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

அவர் என் கிண்ணத்தின் மேல் பாத்திரத்தைச் சரித்தார். நான் விரல்களைக் கூட்டி, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, பணிவாகக் கையைக் குறுக்கே நீட்டினேன்.

கொதி தண்ணீர். உயிர் போனது. ஆனால் மரியாதைக்காக ஊற்றுகிறவரிடம் சுடுகிறது என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு அலம்பினேன். தண்ணீர் வடிகஞ்சி மாதிரிக் கலங்கலாக இருந்தது. ஏதோ கழுவுவதற்கென்று எடுத்துவைத்த தண்ணீர் என்று நினைத்தேன். அதோடு, நான் வந்திருப்பது சட்டி கழுவும் வேலைக்கு அல்லவா? திறமையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் நன்றாகத் தேய்த்தேன். கையை இரண்டு தரம் உதறினேன். "தாங்யூ, மேடம்" என்றேன்.

கடையில் உறிஞ்சும் சத்தம் நின்றுவிட்டிருந்தது. கிழவர் பத்திரிகையைத் தாழ்த்தியிருந்தார். அந்த அம்மா பாத்திரத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். குசினிக்குள் இருந்து அன்ரன் ஓடிவந்தான்.

"அத்தான்! என்ன செய்யிறியள்?"

"ஏன், கை அலம்பினனான்."

"ஐயோ, உது குடிக்கிறதத்தான்!"

"எது?"

"உந்தத் தண்ணிதான்! நூடில்ஸ் அவிச்ச தண்ணி. கடைசியில மிச்சச் சோசுக்குள்ள விட்டுக் குடிக்கத் தாறது. மனுசி தன்ர கையால ஊத்துறதெண்டா எவ்வளவு பெரிய மரியாதை தெரியுமோ?"

நான் கிண்ணத்தைப் பார்த்தேன். என் கையைப் பார்த்தேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பன்னிரண்டு வருடம் அன்ரன் சேர்த்துவைத்த நல்ல பெயரும், ஜெனி கொளுத்திய மெழுகுதிரியும் அந்தக் கிண்ணத்துக்குள் மிதந்தன. நடந்ததை எப்படியாவது திருத்த வேண்டும். மரியாதையாகத் தந்ததை மரியாதையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான்.

கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தேன்.

"அத்தான், வேண்டாம்... அத்தான்!"

அடிவரை குடித்தேன். கடைசித் துளியை, அவர்களுடைய முறைப்படியே, "உர்ர்ர்" என்று உறிஞ்சினேன். அன்று முழுக்க நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

கிழவர் பத்திரிகையை மடித்துக்கொண்டு எழும்பிப் போனார். அந்த அம்மா பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே போனார். உள்ளே இருந்து ஒரு சத்தம் கேட்டது. சிரித்தார் என்கிறான் அன்ரன். அழுதார் என்றுதான் எனக்குக் கேட்டது. அவன் ஆறுதலுக்குச் சொல்லும் ஆள்.

"நீங்கள் வீட்டை போங்கோ அத்தான்" என்றான். கோபிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. திரும்பும்போது சப்வேயில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, கடைசி வரைக்கும் போய்விட்டேன்.

ஜெனி வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டாள். "என்னப்பா, சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

"நல்லா இருந்ததோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். படியில் குந்தியிருந்து கேட்டவள், நான் குடித்த இடம் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, நான் வெள்ளன எழும்பவேணும்" என்று மேலே போய்விட்டாள்.

இப்போது எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும், ரசமோ சூப்போ என் முன்னால் வந்தவுடன் ஷெரின் எல்லோருக்கும் கேட்க, "அப்பா, திஸ் வண் இஸ் ஃபோ டிறிங்கிங்" என்பாள். கோயிலில் நிலைமை இன்னும் மோசம். பூசை வைக்கும் பாதிரியார் சுவாமியின் விரல்களில் தண்ணீர் ஊற்றும் கட்டம் வந்ததும், எனக்கு இரண்டு பக்கமும் இருக்கும் தாயும் மகளும் குலுங்கத் தொடங்கிவிடுவார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நன்மை கொடுத்து முடிந்த பிறகு சுவாமி கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அலம்பி, அந்தத் தண்ணீரைக் குடிப்பார். நானும் அதைத்தானே செய்தேன் என்று ஒரு நாள் ஜெனியிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சாப்பிட்டதற்கு அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அன்ரன் ரெலிபோன் எடுத்தான். வேலைக்கு வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள் என்றான். நான் சரி என்றேன். பிறகு உடுப்புகளைத் தோய்க்கப் போட்டேன். களுசானில் கறை போகவில்லை. மத்தியானம் மீன் குழம்பு வைத்தேன்.