நன்றி கெட்ட முன்கள வீரர்

ஒரு பாதிக்கு ஒரே ஒரு முறை பந்தைத் தொட்டு, மக்களின் இதயத்தை மட்டும் தொண்ணூறு நிமிடமும் தொட்ட முன்கள வீரர் உலகிலேயே எங்கள் ஒன்னி ஒருவர்தான். பாஸோ ஹோந்தோ கால்பந்து கிளப் ரசிகர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதை உருகுவே தேசத்துக்கும், இடமிருந்தால் மற்ற தேசங்களுக்கும் அறிவித்துக்கொள்கிறேன்.

அவரைப் பின்லாந்திலிருந்து வரவழைத்தவர் எங்கள் கிளப் தலைவர் எல்பியோ. ஆள் பனைமர உயரம், கார்னர் கிடைத்தால் தலையை நீட்டினாலே கோல் என்று பொதுக்குழுவில் விளக்கினார். கார்னர் எப்படிக் கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. பொதுக்குழு கேள்வி கேட்கிற இடம் அல்ல.

ஒன்னி வந்த முதல் நாள் உடைமாற்றும் அறையில் மாத்தே சுற்று நடந்தது. அந்தக் கசப்பு இலையில் வெந்நீர் ஊற்றிக் கொடுப்பவர் எப்போதும் கேப்டன் வால்தேமார்தான். ஒரே சுரைக்குடுக்கை, ஒரே உறிஞ்சுகுழல், வட்டமாக உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் முறை வைத்து வரும். முதல் முறை எல்லோருக்கும் உண்டு. குடித்துவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுத்தால் மறுபடி வரும். 'கிராசியாஸ்', அதாவது நன்றி, என்று சொல்லிவிட்டால் 'எனக்குப் போதும்' என்று பொருள், அப்புறம் வராது. இது எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும். பின்லாந்தில் தெரியாது.

ஒன்னி மரியாதையாக வளர்க்கப்பட்ட பிள்ளை. ஒரு வாய் உறிஞ்சினார், முகம் கோணாமல் விழுங்கினார், 'கிராசியாஸ்' என்றார். வால்தேமார் அன்று முழுவதும் குடுக்கையை அவர் பக்கம் திருப்பவில்லை.

மறுநாள் ஆட்டம். வால்தேமார் அருமையான பந்து ஒன்றை ஒன்னியின் காலடிக்கு அனுப்பினார். ஒன்னி கையை உயர்த்தி, ஊருக்கே கேட்கும்படி 'கிராசியாஸ்' என்றார். அவ்வளவுதான், அந்தப் பாதியில் அவருக்கு அடுத்த பந்து வரவில்லை. இடைவேளைக்குப் பின் புதுச் சுற்று. மறுபடி ஒரு பந்து, மறுபடி ஒரு நன்றி, மறுபடி பட்டினி. பயிற்சியாளர் விளக்கம் கேட்டபோது கேப்டன் திகைத்துப்போனார்.

"அவன்தான் போதும்னு சொல்லிட்டானே சார். வேண்டாங்கிறவன் வாயில திணிக்கச் சொல்றீங்களா?"

பயிற்சியாளரும் மாத்தே குடிப்பவர்தான். யோசித்துப் பார்த்துவிட்டு, அதுவும் நியாயம்தான் என்றார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நன்றி சொன்ன பிள்ளைக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

ஆனால் ரசிகர்கள் சொக்கிப்போனார்கள். கோல் அடிப்பவன் எந்த ஊரிலும் கிடைப்பான், நன்றி சொல்பவன் கிடைப்பானா? ஒன்னி 'கிராசியாஸ்' என்றதும் மொத்த அரங்கமும் எழுந்து 'பரவாயில்லை!' என்று முழங்குவது வழக்கமாயிற்று. அரங்க வாசலில் சோரிசோ இறைச்சி சுடுகிறவர் இடுக்கியை வைத்துவிட்டு முழங்குவார். பாதிரியார் பிரசங்கத்தில் ஒன்னியை உதாரணம் காட்டினார். அணி வாராவாரம் தோற்றது. ஒன்னி மட்டும் ஒரு வாய்ப்பைக்கூடத் தவறவிட்டதில்லை, கிடைத்தால்தானே தவறவிட.

ஒரு கோலாவது அடித்தால்தான் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் என்று தலைவர் சொல்லியிருந்தார். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் ஒன்னி என்னிடம் வந்தார்.

"எங்க ஊர்ல பக்கத்து வீட்டுக்காரருக்கே என் பேரு தெரியாது, செயலாளர் சார். இங்க ஊரே கத்திக் கூப்பிடுது. நான் இங்கயே இருந்துடணும். ஒரே ஒரு கோல்தான்."

 சங்கத்தின் சார்பில் ஆவன செய்யப்படும் என்றேன். ஒன்றும் செய்யவில்லை.

அந்த ஆட்டத்தில் வென்றால்தான் எங்கள் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பும். எதிரணிக்கு நட்டமும் இல்லை லாபமும் இல்லை. அவர்களுடைய கோல்கீப்பர் எவாரிஸ்தோவுக்கு முதல் பாதியில் வேலையே இல்லாததால், பக்கத்தில் சும்மா நின்ற ஒன்னியிடம் பேச்சுக் கொடுத்தான்.

"நீ நன்றி சொல்றியே, அதனாலதான் உனக்குப் பந்து வரல. இங்க நன்றின்னா 'போதும், எடுத்துட்டுப் போ'ன்னு அர்த்தம்."

"அப்ப வேணும்னா என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாத. வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கோ."

இரண்டாம் பாதி தொடங்கியது. வால்தேமார் பந்தை அனுப்பினார். அரங்கம் எழுந்து மூச்சை இழுத்தது. ஒன்னி வாயே திறக்கவில்லை. அத்தனை 'பரவாயில்லை'களும் தொண்டையிலேயே நின்றன. கேப்டன் ஒரு கணம் குழம்பினார், பிறகு பழக்கப்படி மறுபடி கொடுத்தார். மறுபடி, மறுபடி. கடைசியில் ஒன்னி தலையால் முட்டிய பந்து, ஆலோசனை சொன்ன எவாரிஸ்தோவின் கைக்கு மேலாகவே வலைக்குள் போனது. நாங்கள் வென்றோம், தப்பித்தோம். யாரும் கைதட்டவில்லை.

"இத்தனை பந்து வாங்கிட்டு ஒரு நன்றி சொன்னானா பாரு," என்று சோரிசோக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையாகவும் இருக்கலாம்.

அன்று மாலையே சங்கத்தின் அவசரக் கூட்டம். ஒன்னி 'நன்றி கெட்டவர்' என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அவருக்கு இதுவரை வழங்கிவந்த 'ர்' விகுதியை உடனடியாகத் திரும்பப் பெறுவது என்றும், அந்த இடத்தில் 'ன்' போடுவது என்றும் துணைத் தீர்மானம். நான் முன்மொழிந்தேன். ஒப்பந்தம் என்னாயிற்று என்று யாரோ முனகினார்கள்.

"கோல் அடிச்சான், இல்லேங்கல. யாரைக் கேட்டு அடிச்சான்?" என்றார் தலைவர்.

வழியனுப்பு விழாவை மட்டும் குறைவில்லாமல் நடத்தினோம். மாத்தே சுற்று வந்தது. அவன் குடித்தான், பேசாமல் திருப்பிக் கொடுத்தான். மறுபடி வந்தது. குடித்தான், பேசாமல் கொடுத்தான். சுற்றில் இருப்பவனை எழுந்து போ என்று சொல்வது எங்கள் பண்பாட்டில் கிடையாது. வெந்நீர்க் குடுவை தீர்ந்து இன்னொன்று வந்தது. வெளியே அவனைத் தலைநகருக்குக் கொண்டுபோக வந்த மொந்தேவிதேயோ பஸ் ஹாரன் அடித்தது. அவன் அடுத்த முறைக்குக் கையை நீட்டினான்.

கடைசியில் தலைவர் எழுந்து, நெஞ்சில் கை வைத்து, 'கிராசியாஸ், ஒன்னி' என்றார். நாங்கள் எல்லோரும் எழுந்து ஒரே குரலில் 'கிராசியாஸ்' என்று சொல்லிக் கைதட்டினோம். சிலர் அழுதார்கள், நானும்தான்.

ஒன்னி குடுக்கையைப் பத்திரமாக மேசைமேல் வைத்தார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இது எங்க ஊரு நன்றியா சார், உங்க ஊரு நன்றியா?"

எங்கள் எல்லோருக்கும் பதில் தெரியும். அதனால் இன்னும் பலமாகக் கைதட்டினோம்.