நூற்று நாற்பத்தெட்டு எடுத்த மூளை

இனிமேல் இந்த வீட்டில் அறிவுள்ளவர் சொல்வதுதான் நடக்கும் என்று ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், முதல் இட்லியைப் பிட்பதற்கு முன்பே அறிவித்துவிட்டேன்.

"சரிங்க," என்றாள் செந்தாமரை, சட்னிக் கரண்டியோடு. "இத்தனை வருஷமா அப்படித்தானே நடக்குது?"

எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று யோசித்து முடிக்க எனக்கு மூன்று இட்லி ஆயிற்று. கல்யாணம் ஆனவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. ஆகாதவர்கள் மேலே படியுங்கள். அப்புறம் உங்கள் இஷ்டம்.

என் பெயர் அறிவுச்செல்வன். பிறந்த அன்றைக்கே அப்பா கண்டுபிடித்து வைத்த பெயர். சொந்த ஊர் கும்பகோணம். நன்னிலம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். குடியிருப்பது செந்தாமரையின் ஊரில். இங்கே ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் வாங்கினேன். வாங்கியதோடு என் விவசாயம் முடிந்தது. விதை, நடவு, களை, வாய்க்கால் சங்கக் கூட்டம், அறுப்பு மெஷினுக்கு அலைவது எல்லாம் அவள்தான். எனக்கு வரப்பில் நடந்தாலே தலை சுற்றும்.

அந்த ஆறு மாவில்தான் சண்டை. நான் மீன் குட்டை வெட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். யூடியூபில் ஒரு மனிதர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, குழந்தை சைஸில் ஒரு கட்லாவைத் தூக்கிக் காட்டினார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கத்திலும் வலைதான்.

"நெல்லு போட்டா சோறு. மீனு விட்டா கொக்கு," என்றாள் செந்தாமரை. "ஊர்ல உள்ள அத்தனை கொக்கும் நம்ம வீட்டுக்குத்தான் விருந்துக்கு வரும். வாய்க்கால்ல தண்ணி வந்தாச்சு. நான் சம்பாவுக்கு விதை ஊற வைக்கப் போறேன்."

"விதையைத் தொடாத! என் பேச்சுக்கு இந்த வீட்டுல மரியாதை இருக்கா, இல்லையா?"

"மரியாதை இருக்குங்க. தண்ணி எங்கேருந்து வரும்? போர் போட்டா உப்பு. வாய்க்காலை விட்டா குட்டைக்கு நாதி இல்ல."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"எப்படி?"

"மூளையால!"

இப்படித்தான் அறிவு என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் தஞ்சாவூரில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்தேன். தலைப்பு நுண்ணறிவு. பாரிஸில் ஒருவர், பள்ளிக்கூடத்தில் தடுமாறும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை செய்தாராம். பின்னால் வந்தவர்கள் அதையே எடுத்து மேதைகளைக் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பினார்களாம். மன வயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் நுண்ணறிவு ஈவு.

"உங்க உண்மை வயசு ஐம்பத்தொன்னு," என்றாள் செந்தாமரை. "மன வயசு யார் சொல்லுவா?"

"அது பிள்ளைங்களுக்கு உள்ள கணக்கு. பெரியவங்களுக்கு வேற. சராசரி ஆளுக்கு நூறு. அதுக்கு மேல எவ்வளவு தள்ளி நிக்கிறோமோ அவ்வளவு அறிவு."

அப்புறம் இன்னொரு கூட்டம் வந்து, அறிவு ஒன்றல்ல, ஏழெட்டு வகை என்றதாம். பாடுகிறவனுக்கு ஒரு அறிவு, ஆடுகிறவனுக்கு ஒரு அறிவு, அடுத்தவர் மனசைப் படிக்கிறவருக்கு ஒரு அறிவு. எனக்கு இது துளியும் பிடிக்கவில்லை. ஆளுக்கொரு அறிவு கொடுத்துவிட்டால் தோற்கிறவர் யார்? பயிற்சியில் எழுந்து நின்றே கேட்டேன். டீ வந்துவிட்டதால் பதில் வரவில்லை.

"ஒரே பரீட்சை. ஒரே நம்பர்," என்றேன் செந்தாமரையிடம். "ரெண்டு பேரும் எழுதுவோம். யாருக்குக் கூட வருதோ, அவங்க சொல்றதுதான் அந்த நிலத்துல நடக்கும். சம்மதமா?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"சம்மதம்ங்க," என்றாள்.

பரீட்சை வைக்கத் தோதான ஆள் பக்கீர் முகம்மது. அதிராம்பட்டினத்துக்காரர். நன்னிலத்தில் போட்டித் தேர்வுக்குக் கோச்சிங் நடத்துகிறார். நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. அவரிடமே மாதிரித்தாள் புத்தகங்களை வாங்கி ஒரு வாரம் பாத்ரூமில்கூட உட்கார்ந்து போட்டேன். பொருந்தாததைக் கண்டுபிடி, வரிசையில் அடுத்து வருவது எது, கட்டத்தில் விடுபட்ட படம் எது. கடைசியில் பொருந்தாதது எங்கே இருந்தாலும் கண்ணில் குத்த ஆரம்பித்தது. பஸ்ஸில் ஏறினால் டிரைவர், கண்டக்டர், நான் மூவரும் சட்டை போட்டிருக்கிறோம், முன் சீட்டில் ஒருத்தர் பனியன்!

"இப்படிப் படிச்சு எழுதினா அது அறிவா, மனப்பாடமா?" என்று பாத்ரூம் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

"முயற்சி!" என்றேன் உள்ளேயிருந்து.

பரீட்சை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. பக்கீர் பாய் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பறந்தேன். செந்தாமரை முறத்தின் மேல் தாளை வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படித்து, பக்கத்து வீட்டு ஆனந்தவல்லிக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து குறித்தாள். எட்டிப் பார்த்தேன். மாடு, எருமை, வைக்கோல், ஆடு. இதில் பொருந்தாதது? குழந்தைகூடச் சொல்லும், வைக்கோல் என்று. அவள் ஆட்டுக்கு டிக் அடித்திருந்தாள்.

"ஏன் ஆடு?" என்று பின்னால் கேட்டேன்.

"மாடும் எருமையும் வைக்கோல் திங்கும். ஆடு அதை மோந்து பாத்துட்டு நம்ம முருங்கைக்குத்தான் வரும். அதுதான் சேராது."

பாவம் என்று சிரித்துக்கொண்டேன்.

முடிவு வந்தது. எனக்கு நாற்பதுக்கு முப்பத்தொன்பது. பாயின் அட்டவணைப்படி ஈவு நூற்று நாற்பத்தெட்டு! செந்தாமரைக்குப் பூஜ்யம். அட்டவணையில் பூஜ்யத்துக்கு எதிரே எதுவுமே போட்டிருக்கவில்லை.

பாய் என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். முகம் வெளிறியிருந்தது.

"சார், தங்கச்சிக்கு நாப்பதும் தப்பு."

"தெரியும் பாய். அவளைத் திட்டாதீங்க."

"அதில்ல சார். நாலு விடையில ஒண்ணு. கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிச்சாலே பத்து சரியா விழும். நாப்பதும் தப்பா வரணும்னா..."

"வரணும்னா?"

"நாப்பதுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும் சார்."

வயிற்றெரிச்சல். அவருடைய கோச்சிங்கில் ஒருத்தர்கூட நூற்று நாற்பத்தெட்டு எடுத்ததில்லை. மனுஷன் என்ன செய்வார்? தோளில் தட்டிக் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

"நீங்கதான் ஜெயிச்சீங்க," என்றாள் செந்தாமரை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "குட்டையே வெட்டுங்க. நான் பேச்சு மாறமாட்டேன்."

இப்படி ஒருத்தியைப் போய் எதிரியாக நினைத்தேனே என்று வருத்தப்பட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே ஜேசிபிக்குச் சொல்லி வைத்தேன்.

அடுத்த நாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம் ஆனந்தவல்லியின் குரல் கேட்டது.

"நெசமாவா செந்தாமரை? நூத்தி நாப்பத்தெட்டா? டாக்டர் சொன்னாரா?"

"சுகர் இல்லக்கா, மூளை! ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான் இருக்குமாம். இவ்வளவு மூளையை வீட்டுலயே வச்சிருக்கறது பாவம்க்கா. ஊருக்குப் பயன்பட வேணாமா?"

அந்தப் பேச்சு மத்தியானத்துக்குள் மாரியம்மன் கோவில் வரைக்கும் போய்விட்டது. டீக்கடையில் எனக்காக பெஞ்சைத் துடைத்தார்கள். இரண்டாம் நாள் முருகையன் வந்தார். அவர்தான் வாய்க்கால் சங்கத் தலைவர். முழங்கால் வலியால் பதவியை விடப் போகிறார். கூடவே பத்துப் பேர்.

"சார், இந்தப் போகத்துக்கு நீங்கதான் தலைவரா இருக்கணும். மூளை உள்ளவங்க சொன்னா ஊரு கேக்கும்."

"எனக்கு வாய்க்கால் பத்தி ஒண்ணும்..."

"ஒத்துக்குங்க," என்றாள் செந்தாமரை, என் காதருகில் மெதுவாக. "நாளைக்கு நீங்க கேட்டா தண்ணி கிடைக்கும். நீங்களே கொடுக்கற இடத்துல இருந்தா யாரைக் கேக்கணும்?"

அடடா! அந்த நிமிஷம் அவளைத் தூக்கிக் கொண்டாடலாம் போலிருந்தது. குட்டைக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்டவளே வழியும் காட்டிவிட்டாள். ஒத்துக்கொண்டேன்.

வாய்க்கால் மதகடியில் ஊரே கூடியிருந்தது. செந்தாமரை முன்வரிசையில். பக்கீர் பாயும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். முருகையன் என் தோளில் துண்டைப் போட்டு, வழக்கத்தைச் சொன்னார். புதுத் தலைவர் வாய்க்காலில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, இந்தப் போகத்துக்கு யாருக்குத் தண்ணீர், யாருக்கு இல்லை என்று வாயால் சொல்ல வேண்டும். தண்ணீரில் நின்று சொன்னதை அறுப்பு வரைக்கும் சொன்னவரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

"நல்ல வழக்கம்," என்றேன். "யோசிக்காமப் பேசறவன்தான் பயப்படணும்."

வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. நூற்று நாற்பத்தெட்டும் விறுவிறுவென்று வேலை செய்தது.

முருகையன் நிலங்களை வரிசையாகக் கூப்பிட்டார்.

"கீழத்தாக்கு, நெல்லு."

"உண்டு!" என்றேன்.

"மேலத்தாக்கு, நெல்லு."

"உண்டு!"

"கோயில் நிலம், நெல்லு."

"உண்டு!"

"செல்லதுரை, வாத்துக் குட்டை."

செல்லதுரை செந்தாமரையின் சித்தப்பா மகன். கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "மாமா, பாத்து செய்யுங்க. வாத்து பாவம்."

நெல், நெல், நெல், வாத்து. ஒரு வாரம் பாத்ரூமில் படித்தது வீண் போகுமா? ஒரு நொடிகூட ஆகவில்லை. கண்ணில் குத்திவிட்டது!

"சார், கொஞ்சம் யோசிச்சு..." என்றார் பக்கீர் பாய் கரையிலிருந்து.

"யோசிக்கறதுக்கு என்ன பாய் இருக்கு?" கையை உயர்த்தினேன். "வாத்து இதுல சேராது! இந்த வாய்க்கால் தண்ணி நெல்லுக்கு மட்டும்தான்! குட்டைன்னு யார் வந்து கேட்டாலும், மச்சான் மாமன் யாரா இருந்தாலும் சரி, ஒரு சொட்டு கிடையாது!"

என்ன கைதட்டல்! சொந்த மச்சானுக்கே மறுத்த தலைவரை இந்த ஊர் பார்த்ததில்லையாம். ஆனந்தவல்லி விசில்கூட அடித்தாள். முதலில் தட்ட ஆரம்பித்த கை யாருடையது என்று பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். செந்தாமரையுடையது.

"அடுத்தது," என்றார் முருகையன், "நம்ம சார் நிலம். என்ன போடறீங்க சார்?"

தண்ணீர் முன்பைவிட ஜில்லென்று ஆயிற்று.

"நெல்லுதான்ணே," என்று கரையிலிருந்து அவளே சொன்னாள். "விதை ஊறப்போட்டு ரெண்டு நாளாச்சு."

வீட்டுக்கு வரும் வழியில் செருப்பில் சேறு மட்டும் பேசிக்கொண்டு வந்தது. வாசலில் ஆனந்தவல்லி நின்றிருந்தாள்.

"ஏன் செந்தாமரை, செல்லதுரை எப்ப வாத்து வாங்கினான்? அவன் வீட்டுல ஒரு கோழிகூடக் கிடையாதே?"

"வாங்கலாம்னு ஒரு யோசனைக்கா. இப்பத்தான் தண்ணி இல்லேன்னு ஆயிட்டுதே."

உள்ளே போய் உட்கார்ந்தேன். அவமானம், கோபம், கொஞ்சம் பசி. செந்தாமரை சூடாகச் சோறு போட்டு, மேலே மீன் குழம்பை ஊற்றினாள்.

"ஜேசிபிக்காரர் போன் பண்ணினார்ங்க," என்றாள் வெகு மரியாதையாக. "நாளைக்கு வரட்டுமான்னு கேக்கறார். நான் பேச்சு மாறமாட்டேன். பரீட்சையில ஜெயிச்சது நீங்க. நீங்க சொல்றதுதான் அந்த நிலத்துல நடக்கும். தண்ணிக்கு மட்டும் தலைவரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

நானும் விடவில்லை. எடுத்த முடிவில் பின்வாங்கி எனக்குப் பழக்கமில்லை. கையைக் கழுவிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்று, தலைவரை நேருக்கு நேர் கேட்டேன்.

மனுஷன் என் முகத்தைப் பார்த்தே முடியாது என்று சொல்லிவிட்டார்.