கலந்தாலோசிக்கப்பட்டவர்

நடுத்தர நாடுகளின் வெளியுறவு அலுவலகங்களில் சமக்கூட்டாளி என்றோர் இனம் வாழ்கிறது. வல்லரசோடு கூட்டு என்றால் இதற்குத் தலைகால் புரியாது. வல்லரசின் தலைவரோடு எடுத்த படத்தில் தன் முழங்கை மட்டும் விழுந்திருந்தாலும் சட்டம் போட்டு மாட்டும். விருந்தில் கதவோரம் நாற்காலி போட்டால் நல்ல காற்றோட்டம் என்று மெச்சும். பெரியவர்கள் பேசப் பேசத் தலையாட்டிவிட்டு, ஊர் திரும்பியதும் "நம்ம கருத்தை ஆணித்தரமா எடுத்து வச்சோம்" என்று பேட்டி கொடுக்கும். எந்தக் கருத்து? அதை மட்டும் கேட்காதீர்கள்.

இந்த இனத்தின் அசல் வார்ப்பு நம் வெளியுறவுச் செயலாளர். ஒருநாள் மதியம் வல்லரசின் துணையமைச்சர் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். தாங்கள் தொடங்கிய கடற்போருக்கு இவர்களும் ஒரு கப்பல் அனுப்ப வேண்டுமாம்.

"உங்களைக் கேக்காம நாங்க எதுவும் செய்வோமா?"

செயலாளருக்கு உச்சி குளிர்ந்தது. "சில நிபந்தனைகள் இருக்குங்க."

"தாராளமா அனுப்புங்க. ஆர்வமாப் படிக்கிறோம்."

உடனே எழுத உட்கார்ந்தார். அனுப்பத் தயாராக இருந்த ஒரே கப்பலில் அவருடைய மாப்பிள்ளை பொறியாளர், மகளுக்கோ நிறைமாதம். ஆகவே, 'கப்பல் சண்டைப் பகுதிக்குள் நுழையக்கூடாது' என்று முதல் வரியிலேயே அழுத்தமாக எழுதினார். படித்துப் பார்த்தார். கொஞ்சம் கடுமையாகத் தெரிந்தது. அடித்துவிட்டு, 'நுழைவதை இயன்றவரை தவிர்ப்பது வரவேற்கத்தக்கது' என்று திருத்தினார். பெரிய மனிதர்கள் மனம் நோகலாமா?

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி பிடித்துக்கொண்டார்.

"கப்பல் கிளம்புதாமே?"

"இன்னும் முடிவாகலை. நம்மளைக் கலந்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

"யாரை? மாப்பிள்ளை போன் பண்ணிட்டார். காலையிலயே கூட்டுப்படைத் தலைமையகத்துலேர்ந்து உத்தரவு வந்து, நடுக்கடலுக்கே போயாச்சாம். நேரா சண்டைக்குத்தானாம். நீங்க அங்க ஒப்புக்குச் சப்பாணி!"

செயலாளர் சற்று யோசித்தார். முகம் தெளிந்தது.

"பாத்தியா? நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நம்ம மனசு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "அப்பா, அவர் எப்ப திரும்புவார்னு மட்டும் கேட்டுச் சொல்லுப்பா."

அதைக் கேட்கத்தான் அவருக்கு எந்த எண் என்று தெரியவில்லை. அழைப்பு எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

நீங்கள் சிரிக்கலாம், தடையில்லை. ஆனால் "நாங்க சேர்ந்து எடுத்த முடிவு" என்று நீங்கள் கடைசியாகச் சொன்னீர்களே, அந்த முடிவை உங்களுக்கு யார் வந்து சொன்னார்கள்?