முடிச் சோதனை

கத்தி இன்னும் முடியை வெட்டவில்லை. சாயங்காலம் கத்தியைப் பார்த்து வாங்கச் சலூன்காரர் வந்துவிடுவார்.

ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, கார் ஷெட்டில் உலை போட்டுச் சவரக்கத்தி அடிக்க உட்கார்ந்தவர் நம் மேனேஜர். வேலை போனாலும் பட்டம் போகவில்லை. இதுவரை ஒரு கத்திகூடப் போணியாகவில்லை. இதுவும் ஆகாவிட்டால் நாளை முதல் மச்சினனின் டைல்ஸ் கடையில் மேற்பார்வை. அது மனைவி போட்ட நிபந்தனை.

"கை முடியெல்லாம் மொழுமொழுன்னு வழிச்சாச்சே, இன்னும் என்ன சோதனை?" என்றாள் அவள்.

"அது ஜுஜுபி! வீடியோவுல ஒருத்தன் தலைமுடியைத் தொங்கவிடறான். கத்தி மேல பட்டதும் ரெண்டு துண்டு. அதான் கத்தி. இன்னொண்ணு குடு."

மேனேஜரின் தலையில் தொங்கவிட எதுவும் மிச்சமில்லை. மனைவியின் பின்னலோ இடுப்பைத் தாண்டும்.

"வேற யார்கிட்டயாவது கேளுங்களேன்."

"இந்தத் தெருவுலயே உன்னை மாதிரி முடி யாருக்கு இருக்கு?"

அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை. பின்னலுக்குள் விரலை விட்டு ஒன்றை உருவிக் கொடுத்தாள். முகம்கூடச் சுளிக்கவில்லை.

"வலிக்கலையா?"

"உங்களுக்காகப் பொறுத்துக்கறேன்."

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவிக்காகவாவது ஜெயித்தாக வேண்டும்!

முடி கத்தியில் பட்டது, வளைந்தது, வழுக்கிக்கொண்டு போனது. கல்லில் தீட்டினார். அடுத்த முடியும் வழுக்கியது. விளிம்பு தடிமனோ என்று சாணைச் சக்கரத்தில் பிடித்தார். பொறி பறந்தது. இரும்பு சூடேறி விளிம்பு நீலமானது. பதம் போச்சு.

"மாமா, ஃபேனுக்குக் கீழயே உங்களுக்கு சேர் போட்டுட்டேன்" என்று போனில் மச்சினன் குஷியாகச் சொன்னான்.

"வைடா போனை!"

மறுபடி உலையில் காய்ச்சி எண்ணெயில் முக்கினார். கத்தி வாழைப்பழம்போல வளைந்து வெளியே வந்தது. நிமிர்த்தலாம் என்று சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். 'டிக்.'

சலூன்காரர் உள்ளே வந்தபோது பட்டறைமேல் கத்தி இரண்டு துண்டாகக் கிடந்தது. கீழே முடிகள் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தன.

"மன்னிச்சுக்கங்க. காலையில பளபளன்னு இருந்துச்சு. ஆனா ஒத்த முடியைக்கூட வெட்டல. எனக்கு இந்தத் தொழில் வராது போலிருக்கு" என்றார் மேனேஜர்.

சலூன்காரர் ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கதவோரம் இளைத்த பின்னலோடு நின்றவளைக் கண்டு முகம் மலர்ந்தார். பிறகு கீழே கிடந்த முடிகளைப் பார்த்துப் பதறிப்போனார்.

"அட, அக்கா, நீங்களா! போன மாசம் நம்ம கடையில வாங்கினீங்களே அந்த நைலான் சவுரி, அதுக்குள்ள இப்படியா உதிருது?"